ஐஆர்ஏ-வில் கூடுதலாகப் போட்ட பணம்: திருத்துவது எப்படி, வரிக்கணக்கில் காட்டுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வகுப்பு முடியும்வரை தாழ்வாரத்தில் காத்திருக்கும் பெற்றோரின் பேச்சு, பிப்ரவரி பிறந்ததும் தானாகவே வருமான வரிப் பக்கம் திரும்பிவிடும். ஐஆர்ஏ (தனிநபர் தாமே தொடங்குவது), 401(கே) (வேலை தரும் நிறுவனம் நடத்துவது) ஆகிய அமெரிக்க ஓய்வூதியக் கணக்குகளில் வரம்பை மீறிப் பணம் போட்டவர்கள் அங்கே என்னிடம் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தொழில்முறை வரி ஆலோசகன் அல்லன். இதே தவற்றைச் செய்து, அதைத் திருத்தப் போய் இன்னொரு தவறும் செய்து, அபராதம் கட்டியவன். தொகைகள் அனைத்தும் டாலரில் உள்ளன. ஆண்டு குறிப்பிடாத வரம்புகள் 2025 வரி ஆண்டுக்கு உரியவை.

ராத் ஐஆர்ஏ-வில் 7,000 போட்டுவிட்டேன். இப்போது வரி சாப்ட்வேர் "எக்ஸஸ்" என்று சிவப்பில் காட்டுகிறது. என்ன தப்பு செய்தேன்?

ஐஆர்ஏ-வில் இரண்டு வகை: வரி கட்டிய பணத்தைப் போட்டுப் பின்னர் வரியின்றி எடுப்பது ராத்; பொதுவாக, போடும்போது வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு, எடுக்கும்போது வரி கட்டுவது ட்ரெடிஷனல். ஐஆர்ஏ-க்கு இரண்டு வேலிகள் உண்டு. முதலாவது, எல்லா ஐஆர்ஏ-க்களையும் சேர்த்து ஓர் ஆண்டுக்கு 7,000 வரையே போடலாம். ஐம்பது வயது நிரம்பியவருக்கு 8,000. அந்த ஆண்டில் உழைத்துச் சம்பாதித்த வருமானம் இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வருமானமே வரம்பு. இரண்டாவது வேலி ராத்துக்கு மட்டுமே உரியது. தனிநபராகத் தாக்கல் செய்பவரின் திருத்தப்பட்ட வருமானம் (மாடிஃபைட் ஏஜிஐ, அதாவது சில கூட்டல் கழித்தல்களுக்குப் பின் வரும் மொத்த வருமானம்) 150,000-ஐத் தாண்டியதும் அனுமதி குறையத் தொடங்கி 165,000-இல் முற்றிலும் இல்லாமல் போகும். கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்தால் இந்த எல்லைகள் 236,000-உம் 246,000-உம் ஆகும்.

இடைப்பட்டவருக்கு விகிதப்படி கழியும். தனிநபர் ஒருவரின் வருமானம் 156,000 என்றால், 15,000 அகலமுள்ள அந்தப் பட்டையில் அவர் 6,000 உள்ளே வந்துவிட்டார். அதாவது நாற்பது விழுக்காடு. மீதி அறுபது விழுக்காடான 4,200 மட்டுமே அவர் போடலாம். 7,000 போட்டிருந்தால் 2,800 மிகை. பெரும்பாலானோர் ஜனவரியில் பணத்தைப் போட்டுவிட்டு, டிசம்பரில் வரும் போனஸையும் நிறுவனப் பங்குகளையும் மறந்துவிடுவதால்தான் இதில் மாட்டுகிறார்கள்.

ட்ரெடிஷனல் ஐஆர்ஏ-க்கும் வருமான வரம்பு இருக்கிறது என்று நண்பர் சொன்னாரே?

நண்பர் சொல்வது கழிவைப் பற்றியது; பணம் போடுவதைப் பற்றியது அன்று. அலுவலகத்தில் 401(கே) உள்ளவர், சேர்ந்து தாக்கல் செய்யும்போது வருமானம் 146,000-ஐ எட்டிவிட்டால் ட்ரெடிஷனலில் போட்ட பணத்தை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. ஆனாலும் போடலாம். கழிவு கிடைக்காத பணம் மிகை ஆகாது. அதைப் படிவம் 8606-இல் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டூடன்ட் லோன் தவணை குறையும் என்று இந்த வருடம் நானும் மனைவியும் தனித்தனியாக ஃபைல் பண்ணினோம். ராத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. ஆண்டின் ஒரு நாளேனும் சேர்ந்து வாழ்ந்துவிட்டுத் தனித்தனியாகத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு ராத்தின் அனுமதி 0-இலிருந்தே குறையத் தொடங்கி 10,000 வருமானத்திலேயே முடிந்துவிடும். முழுநேர வேலையில் இருக்கும் எவருக்கும் இது பூஜ்யம் என்றே பொருள். போட்ட 7,000-உம் மிகையே.

எச்-4 என்னும் சார்பு விசாவில் இருக்கும் மனைவிக்கு வேலையே இல்லை. அவர் பெயரில் போட்டது செல்லுமா?

சேர்ந்து தாக்கல் செய்தால் செல்லும். உங்கள் சம்பளம் இருவர் பங்கையும் தாங்கும் அளவுக்கு இருந்தால், அவர் பெயரிலும் முழு 7,000 போடலாம். ராத் என்றால் மேலே சொன்ன கூட்டு வருமான வரம்பு பொருந்தும். தனித்தனியாகத் தாக்கல் செய்தால், அவர் பெயரில் போட்டது முழுவதும் மிகையாகிவிடும். வட்டி, டிவிடெண்ட், ஊரில் உள்ள வீட்டு வாடகை ஆகியவை உழைத்துச் சம்பாதித்த வருமானமாகக் கருதப்படா.

கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்?

மிகைத் தொகைக்கு 6 விழுக்காடு அபராத வரி. ஒருமுறையோடு முடிந்துபோகிற அபராதம் அன்று இது. ஒவ்வோர் ஆண்டின் டிசம்பர் 31 அன்றும் மிகை கணக்கிலேயே கிடந்தால், அந்த ஆண்டுக்கு மறுபடியும் 6 விழுக்காடு. 7,000-க்கு ஆண்டுதோறும் 420. ஆண்டிறுதியில் கணக்கின் மதிப்பே அதைவிடக் குறைந்திருந்தால் அந்த மதிப்பில் 6 விழுக்காடு. இதைக் காட்டும் இடம் படிவம் 5329. ட்ரெடிஷனலுக்கு அதன் மூன்றாம் பகுதி, ராத்துக்கு நான்காம் பகுதி.

தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதிக் கேட்டால் தள்ளுபடி கிடைக்காதா என்பது அடுத்த கேள்வியாக வரும். முதுமையில் கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகையை எடுக்கத் தவறியவருக்குச் சட்டம் அப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மிகையாகப் போட்டவருக்கு அந்த வாசல் இல்லை.

எந்தத் தேதிக்குள் எடுத்தால் அபராதம் இல்லை?

அந்த ஆண்டின் வரிக்கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு வரை, நீட்டிப்பையும் சேர்த்து. நீட்டிப்பு கேட்காதவர்கூட ஏப்ரல் 15-க்குள் ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால், ஆறு மாதக் கூடுதல் அவகாசம் தானாகவே கிடைக்கும். ஆகவே 2025-க்காகப் போட்ட மிகையை 2026 அக்டோபர் 15 வரை எடுக்கலாம். ஏப்ரலில் நீட்டிப்பும் கேட்காமல், தாக்கலும் செய்யாமல் இருந்தவர் இந்தச் சலுகையை இழக்கிறார்.

ஏப்ரலில் தாக்கல் செய்துவிட்டு, பின்னர் எடுத்தவர் 1040-எக்ஸ் மூலம் திருத்திய கணக்கை அளிக்க வேண்டும். அதன் மேல்பகுதியில், செக்‌ஷன் 301.9100-2-இன்படி தாக்கல் செய்யப்படுகிறது என்னும் ஆங்கிலக் குறிப்பை எழுதி, எப்போது போட்டது, எப்போது எடுத்தது, ஆதாயம் எவ்வளவு என்று சிறு விளக்கமும் இணைக்க வேண்டும்.

ராத்தில் போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமே! வெப்சைட்டில் போய் 7,000-ஐ எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, இல்லையா?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். 2019-க்கான 6,000-ஐ, அடுத்த பிப்ரவரியில் ஓர் இரவு கணக்குக்குள் நுழைந்து, "வித்ட்ரா" பொத்தானை அழுத்தி, வழக்கமான பணம் எடுப்பாக வங்கிக்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அசலை எடுத்தால் வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது திருத்தம் ஆகாது. கெடுவுக்குள் செய்யும் திருத்தத்தில், மிகைத் தொகையோடு அது ஈட்டிய ஆதாயமும் சேர்ந்து வெளியே வர வேண்டும். கணக்கை வைத்திருக்கும் நிறுவனமும் அதை மிகையைத் திரும்ப எடுத்ததாகவே பதிவு செய்ய வேண்டும். ஆதாயத்தை நான் உள்ளேயே விட்டுவிட்டதால், 2019 டிசம்பர் 31 நிலவரப்படி மிகை இருந்தது என்றே கணக்கானது. 360 டாலர் கட்டினேன். 2020-இல் அசல் வெளியே போயிருந்ததால் தொல்லை அதோடு நின்றது.

எனவே பொத்தானைத் தேடாதீர்கள். கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்தை அழைத்து "ரிமூவல் ஆஃப் எக்ஸஸ்" படிவம் வேண்டும் என்று இந்தச் சொல்லாலேயே கேளுங்கள். எந்த வரி ஆண்டுக்கானது, எந்தத் தேதியில் போட்டது, எவ்வளவு மிகை என்ற மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது போல ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்து, கெடுவும் முடியவில்லை என்றால், அதைத் திருத்தமாக மாற்றிப் பதிய இயலுமா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

ஆதாயம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அந்த 7,000-க்கு வாங்கிய பங்கு ஏறவே இல்லை, பழைய பங்குகள்தான் ஏறின.

எந்தப் பங்கு ஏறியது என்பதற்கு இங்கே இடமில்லை. அந்த ஐஆர்ஏ கணக்கு முழுவதும் ஒரே பானைச் சோறு. எல்லாப் பருக்கைக்கும் ஒரே விகிதம். பணம் போடுவதற்குச் சற்று முன் இருந்த மதிப்போடு, அதன் பிறகு போட்டவற்றையும் (மிகையையும் சேர்த்து) கூட்டினால் தொடக்க இருப்பு. எடுப்பதற்குச் சற்று முன் உள்ள மதிப்போடு, இடையில் வெளியே எடுத்தவற்றைக் கூட்டினால் இறுதி இருப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடக்க இருப்பால் வகுத்து, மிகைத் தொகையால் பெருக்க வேண்டும்.

கூட்டு வருமானம் 246,000-ஐத் தாண்டிய ஒருவர், 2025 பிப்ரவரியில் ராத்தில் 7,000 போட்டார் என்று கொள்வோம். அப்போது கணக்கில் 21,000 இருந்தது; ஆகவே தொடக்க இருப்பு 28,000. 2026 மார்ச்சில் எடுக்கும்போது 30,800 இருக்கிறது. இடையில் வேறு போக்குவரத்து இல்லை. வித்தியாசமான 2,800, தொடக்க இருப்பில் பத்து விழுக்காடு. ஆக 7,000-க்கு ஆதாயம் 700. வெளியே வர வேண்டியது 7,700. பெரும்பாலும் நிறுவனமே இதைக் கணக்கிட்டுவிடும். ஆனாலும் ஒருமுறை நீங்களும் போட்டுப் பாருங்கள். மிகை எந்தக் கணக்கில் விழுந்ததோ அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சந்தை விழுந்து 7,000 இப்போது குறைந்து நிற்கிறது. இருந்தாலும் முழு 7,000-ஐயும் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அதே சூத்திரம் கழித்தல் குறியோடு வரும். மேலே சொன்ன கணக்கு 25,200-க்கு இறங்கியிருந்தால், 6,300 எடுத்தாலே முழு மிகையும் நீங்கியதாகப் பொருள். அந்த 700 நஷ்டத்தை வேறெங்கும் கழித்துக்கொள்ள முடியாது.

வெளியே வந்த ஆதாயத்துக்கு எந்த வருடத்தில் வரி? பத்து விழுக்காடு பெனால்டியும் உண்டா?

பணத்தை எந்த ஆண்டில் போட்டீர்களோ அந்த ஆண்டில். எடுத்த ஆண்டில் அன்று. நம் எடுத்துக்காட்டில் 2025-இல் போட்டு 2026-இல் எடுத்தாலும், அந்த 700 டாலர் 2025 கணக்கில் சேரும். வருமான வரிக்கணக்கின் முதன்மைப் படிவமான 1040-இல் ஐஆர்ஏ-க்கு உரிய 4ஏ வரிசையில் மொத்தத் தொகையும் 4பி வரிசையில் வரிக்கு உட்படும் ஆதாயமும் எழுதப்படும். (படிவத்தின் வரியையும் கட்டும் வரியையும் தமிழ் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால் "வரிசை" என்கிறேன்.) அசலான 7,000-க்கு ராத்தில் மறுபடி வரி இல்லை.

ஐம்பத்தொன்பதரை வயதுக்குள் இருப்பவர் இந்த ஆதாயத்துக்கு முன்பு பத்து விழுக்காடு கூடுதல் வரியும் கட்ட வேண்டியிருந்தது. 2022 டிசம்பர் 29 அன்று நிறைவேறிய செக்யூர் 2.0 என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புச் சட்டம் அதை நீக்கிவிட்டது. கெடுவுக்குள் செய்யும் திருத்தத்துக்கு மட்டுமே இந்த விலக்கு. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னும் பத்து விழுக்காட்டைக் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கை இப்போதே ஃபைல் பண்ண வேண்டும், ஆனால் 1099-ஆர் இன்னும் வரவில்லையே?

வராது. 1099-ஆர் என்பது, கணக்கிலிருந்து எடுத்த தொகையை நிறுவனம் தெரிவிக்கும் படிவம். 2026 மார்ச்சில் எடுத்த பணத்துக்கான 1099-ஆர், 2027 ஜனவரியில்தான் வரும். ஆதாயமோ 2025 கணக்கில் இருக்க வேண்டும். இந்த ஓராண்டு இடைவெளிதான் இந்த விவகாரத்தில் அதிகம் பேரைக் குழப்புகிறது. படிவத்துக்காகக் காத்திருக்காமல், எடுத்தபோது நிறுவனம் அனுப்பிய உறுதிச்சீட்டில் உள்ள தொகையை வைத்தே தாக்கல் செய்ய வேண்டும். சாப்ட்வேரில் ஒரு 1099-ஆர்-ஐக் கையால் உருவாக்கி, முதல் பெட்டியில் 7,700, இரண்டு-ஏ பெட்டியில் 700, ஏழாம் பெட்டியில் பி (P), ஜே (J) என்னும் குறியீடுகள் என்று நிரப்பினால் போதும்.

பி என்றால் முந்தைய ஆண்டில் வரிக்கு உட்பட்டது. ஜே என்றால் வயது நிரம்பாதவர் ராத்திலிருந்து எடுத்தது. போட்ட ஆண்டுக்குள்ளேயே எடுத்திருந்தால் பி-க்குப் பதிலாக 8 இருக்கும். 2027-இல் உண்மையான படிவம் வரும்போது அதை 2026 கணக்கில் சேர்க்கக் கூடாது. 2025 கோப்பில் செருகி வையுங்கள். ஏழாம் பெட்டியில் ஜே மட்டும் தனியாக இருந்தால், நிறுவனம் அதை வழக்கமான பணம் எடுப்பாகப் பதிந்துவிட்டது என்று பொருள். உடனே அழைத்துத் திருத்தக் கேளுங்கள். வருமான வரி உள்ள மாநிலத்தில் வசிப்பவர் மாநிலக் கணக்கையும் திருத்த வேண்டும்; டெக்சஸ்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

எடுக்கும்போது பத்து விழுக்காடு வரி பிடித்துக்கொண்டார்கள். அதையும் 2025-இல் காட்டலாமா?

கூடாது. ஆதாயம் போட்ட ஆண்டுக்குப் போகும். பிடித்த வரியோ பிடித்த ஆண்டுக்கே உரியது. 2026-இல் பிடித்ததை 2026 கணக்கில்தான் வரவு வைக்க முடியும். ஒரே படிவத்தின் இரண்டு பெட்டிகள் இரண்டு ஆண்டுகளுக்குப் போகும் வேடிக்கை இது. விண்ணப்பத்திலேயே வரி பிடிக்க வேண்டாம் என்று குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

பணத்தை வெளியே எடுக்க மனமில்லை. வேறு வழி உண்டா?

வருமானம் மிகுந்ததால் மட்டுமே ராத் செல்லாமல் போனவருக்கு ஓர் அழகான வழி இருக்கிறது. ரீகேரக்டரைசேஷன் என்னும் வகைமாற்றம் கோரி, அந்தப் பணத்தையும் அதன் ஆதாயத்தையும் நேரடியாக ட்ரெடிஷனல் ஐஆர்ஏ-வுக்கு மாற்றச் சொல்லலாம். தொடக்கத்திலேயே ட்ரெடிஷனலில் போட்டதாகச் சட்டம் கருதிக்கொள்ளும். வரியும் இல்லை, 6 விழுக்காடும் இல்லை. கெடு அதே அக்டோபர் 15. 1099-ஆர்-இல் அதே ஆண்டு என்றால் என், அடுத்த ஆண்டு என்றால் ஆர் என்று குறியீடு வரும். 2025 கணக்கோடு ஒரு விளக்கக் குறிப்பும், கழிவு கிடைக்காத 7,000-க்குப் படிவம் 8606-உம் இணைக்க வேண்டும்.

அங்கிருந்து அதை ராத்துக்கு மறுபடி கன்வர்ஷன் செய்துகொள்ள வருமான வரம்பு இல்லை. "பேக்டோர் ராத்" என்று எல்லோரும் பேசுவது இதைத்தான். 7,700-ஐ மாற்றினால் ஆதாயமான 700-க்கு மட்டும் வரி. ஆனால் பழைய அலுவலகத்தின் 401(கே)-ஐ ட்ரெடிஷனல் ஐஆர்ஏ-வுக்குக் கொண்டுவந்தவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். அப்படி 92,300 ஏற்கெனவே இருந்தால் மொத்தம் 100,000. அதில் வரி கட்டிய பணம் ஏழு விழுக்காடு மட்டுமே. நீங்கள் மாற்றும் 7,700-இலும் ஏழு விழுக்காடான 539-க்குத்தான் வரி இல்லை; மீதி முழுவதும் வருமானமாகிவிடும். அப்படிப்பட்டவருக்குப் பணத்தை வெளியே எடுத்துவிடுவதே பெரும்பாலும் மேல் என்பது என் கருத்து.

2022-இல் போட்ட 6,000 தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. நான்கு வருடம் ஆகிவிட்டதே!

கெடு கடந்துவிட்டதால் வகைமாற்றமும் இல்லை. ஆதாயத்தோடு எடுக்கும் முறையும் இல்லை. இப்போது 6,000-ஐ மட்டும் வழக்கமான பணம் எடுப்பாக வெளியே எடுத்தால் போதும். ஆதாயம் ராத்துக்குள்ளேயே தங்கிவிடும். தாமதித்தவருக்குச் சட்டம் தரும் விசித்திரமான ஆறுதல் இது. மறுபுறம், 2022, 2023, 2024, 2025 என நான்கு ஆண்டுகளுக்கும் 360 வீதம் 1,440-உம் வட்டியும் கட்ட வேண்டும். அந்தந்த ஆண்டின் 5329 படிவத்தையே பயன்படுத்திக் கையொப்பமிட்டுத் தனியாக அனுப்பலாம். வேறு மாற்றம் இல்லையென்றால் 1040-எக்ஸ் தேவையில்லை.

கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். இடைப்பட்ட ஏதேனும் ஓர் ஆண்டில் உங்களுக்கு ராத் அனுமதி இருந்து, அதை நீங்கள் பயன்படுத்தாமல் விட்டிருந்தால், பழைய மிகை அந்த இடத்தில் தானாக அடங்கிவிடும். வீட்டில் ஒருவர் வேலை இழந்ததால் 2024-இல் கூட்டு வருமானம் 230,000-க்குக் கீழே இறங்கி, அந்த ஆண்டு ராத்தில் எதுவும் போடாமல் இருந்த ஒரு தம்பதிக்கு, அவ்வாண்டின் வரம்பான 7,000-க்குள் 6,000 முழுவதும் அடங்கியது. அவர்கள் கட்டியது 2022-க்கும் 2023-க்கும் சேர்த்து 720 மட்டுமே. பணத்தை எடுக்கவும் தேவைப்படவில்லை. இதையும் 2024-இன் 5329-இல் காட்ட வேண்டும்.

சொல்லாமல் இருந்தால் ஐஆர்எஸ்-க்கு (அமெரிக்க வருமான வரித் துறைக்கு) தெரியவா போகிறது?

நீங்கள் போட்டதைப் படிவம் 5498 மூலம் நிறுவனமே ஆண்டுதோறும் ஐஆர்எஸ்-க்குத் தெரிவிக்கிறது. ராத்துக்கு உரியது அதன் பத்தாம் பெட்டி. உங்கள் வருமானமும் அவர்களிடமே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது மட்டுமே மிச்சம். 5329 தாக்கல் செய்யாதவருக்கு, முன்பு கால வரம்பே ஓடத் தொடங்காமல் இருந்தது, செக்யூர் 2.0 சட்டம் அதை வரிக்கணக்கு தாக்கல் செய்ததிலிருந்து ஆறு ஆண்டு என்று ஆக்கியது. அந்தச் சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளுக்கு இதை நம்பி இருக்க வேண்டாம்.

வருட நடுவில் கம்பெனி மாறினேன். இரண்டு 401(கே)-யும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிட்டது. இதற்கும் அக்டோபர் வரை நேரம் உண்டா?

இல்லை; இங்கே கெடு ஏப்ரல் 15, நீட்டிப்பு உதவாது. பழைய நிறுவனத்தில் 14,000, புதியதில் 13,000 பிடித்திருந்தால் மொத்தம் 27,000, ஐம்பது வயதுக்குக் கீழ் உள்ளவரின் வரம்பு 23,500, மிகை 3,500. நிறுவனம் தன் பங்காகப் போட்டது இதில் சேராது. ஒரு நிறுவனத்துக்கு மற்றொன்றின் கணக்கு தெரியாது என்பதால், இரண்டு டபிள்யூ-2-களின் (ஆண்டுச் சம்பளச் சான்றுகளின்) பன்னிரண்டாம் பெட்டியில் டி (D), ஏஏ (AA) ஆகிய குறியீடுகளின் எதிரே உள்ள தொகைகளை நீங்களே கூட்டிப் பார்க்க வேண்டும். திட்ட நிர்வாகியிடம் மார்ச்சுக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. பல திட்டங்கள் தமக்கென்று முந்தைய தேதி ஒன்றை வைத்திருக்கின்றன.

ஆதாயத்துக்கு உரிய ஆண்டு விதி இங்கே தலைகீழ். வரிக்கு முன் பிடித்த 3,500, போட்ட ஆண்டான 2025-இன் வருமானம். 1040-இன் 1எச் வரிசையில் சேரும். அதன் ஆதாயமோ எடுத்த ஆண்டான 2026-க்கு உரியது. அடுத்த ஜனவரியில் பி என்று ஒன்றும், 8 என்று மற்றொன்றுமாக இரண்டு 1099-ஆர் வரும். ஏப்ரல் 15-ஐத் தவறவிட்டால் 6 விழுக்காடு இல்லை. ஆனால் அந்த 3,500-க்கு 2025-இல் ஒருமுறை, ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது மறுமுறை என்று இரண்டு தடவை வரி.

2025 ஜனவரி 2-ஆம் தேதி 7,000 போட்டேன். அந்த மாதமே வேலையை விட்டு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டேன். அமெரிக்கச் சம்பளம் 4,000-தான் வந்தது.

முதல் பதிலில் சொன்ன உழைப்பு வருமான வேலி இங்கே வேலை செய்கிறது: வரம்பு 4,000, மிகை 3,000. வகைமாற்றம் உதவாது, ஏனெனில் அந்த 4,000 இரண்டு வகைக்கும் சேர்த்தே வரம்பு. அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால், இந்தியச் சம்பளமும் உழைப்பு வருமானமே. ஆனால் படிவம் 2555 மூலம் அமெரிக்க வரியிலிருந்து விலக்கிக்கொண்ட வெளிநாட்டுச் சம்பளம் அதில் சேராது. விசாவில் இருந்து திரும்பியவருக்கு இந்தியச் சம்பளம் கைகொடுக்காது.

எடுக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நிறுவனம் உங்களிடம், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கான டபிள்யூ-8பென் படிவம் கேட்கலாம். 1099-ஆர்-க்குப் பதிலாக 1042-எஸ் வரலாம். பெரும் தடையாக வந்து நிற்பது வரி விதியன்று, ஓடிபி. பழைய அமெரிக்க எண்ணை முடக்கிவிட்டு, கணக்குக்குள் நுழைய முடியாமல் கெடுவைத் தவறவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். திருத்தம் முடிந்து, அடுத்த ஆண்டுப் படிவமும் கைக்கு வரும்வரை அந்த எண்ணை மலிவான ஒரு திட்டத்திலாவது உயிரோடு வைத்திருங்கள். அஞ்சல் முகவரியையும் நண்பர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.